கேட்டதெல்லாம் செய்தியன்று

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் எமது தலைவர் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களது வழியைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

இரவு நேரத்தில் எமது வீட்டுக் கதவை ஒருவர் தட்டினால் நாம் உடனே கதவைத் திறந்துவிடுவதில்லை. யார் என்று கேட்கிறோம். எங்கிருந்து வருகிறீர், என்ன காரியம் என்று வினவுகிறோம். பதில் திருப்தியளித்த பின்னரே தாழ்ப்பாளை நீக்குகிறோம். ஆனால் ஒவ்வொரு நாளும் எமது வீட்டிற்குள் எவ்வித விசாரணையுமின்றி நுழைந்து, எமது பிள்ளைகளின் உள்ளங்களில் அமர்ந்துகொள்ளும் விருந்தாளி ஒருவர் இருக்கின்றார். அவர்தான் செய்தி. அவர் யார், அவரை அனுப்பியவர் யார், எந்த நோக்கத்துடன் அனுப்பினார் என்று நாம் கேட்பதில்லை.

இஷாத் தொழுகைக்குப் பின்னர் ஒரு சராசரி முஸ்லிம் வீட்டை எண்ணிப் பாருங்கள். வாப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார். தமக்குப் பிடித்த அரசியல் தலைவரைப் புகழும் ஓர் அலைவரிசை; வேறொன்றை அவர் திருப்புவதில்லை. மூத்த மகன் அறைக்குள் கையடக்கத் தொலைபேசியுடன் இருக்கிறார். அவருடைய நண்பர்கள் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள். மாற்றுக் கருத்துக் கூறியவர் குழுவிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டுவிட்டார். உம்மாவின் தொலைபேசியில் குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழு. மூவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று வெவ்வேறு நாடுகளில் வாழ்கின்றனர். நாட்டு நடப்பு முழுவதையும் தாம் அறிந்துவிட்டதாக மூவருமே உறுதியாக நம்புகின்றனர். மலைக்குகைக்குள் நின்று சத்தமிடுபவனுக்குத் தன் குரலே நாலாபுறமிருந்தும் திரும்பி வரும். உலகமே தன்னை ஆமோதிப்பதாக அவன் எண்ணிக்கொள்வான். இன்றைய நிலை அத்தகையதே.

அன்பர்களே! இது புதிய கருவிகளால் வந்த பழைய நோய். அதற்கான மருந்தை அல்லாஹ் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எமக்கு அருளிவிட்டான்.

ஸூறத்துல் ஹுஜுறாத்தின் ஆறாவது வசனம் இறங்கிய பின்னணியைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் விவரித்துள்ளனர். பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத்தைச் சேகரித்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அக்கோத்திரத்தாருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் இடையே ஜாஹிலிய்யாக் காலத்துப் பழைய பகை இருந்ததாகக் கூறப்படுகிறது. நபியவர்களின் தூதர் வருகிறார் என்றறிந்த அம்மக்கள் அவரை வரவேற்பதற்காகத் திரண்டு வெளியே வந்தனர். தூரத்தில் அக்கூட்டத்தைக் கண்டதும் அவரது உள்ளத்தில் அச்சம் குடிகொண்டது. தம்மைக் கொல்வதற்கே வருகின்றனர் எனக் கருதி, பாதி வழியிலேயே மதீனாவுக்குத் திரும்பிவிட்டார். அவர்கள் ஸகாத்தைத் தர மறுத்துவிட்டனர், தம்மைக் கொல்லவும் முற்பட்டனர் என்று அறிவித்தார். மதீனா கொதித்தது. படை அனுப்பும் அளவுக்கு விடயம் முற்றியது. அவ்வேளையில்தான், ஒரு செய்தி கொண்டுவரப்பட்டால் அதனைத் தீர விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்றும், இன்றேல் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் செய்ததற்காக வருந்துவீர்கள் என்றும் பொருள்படும் அவ்வசனம் இறங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, அவர் கண்ட கூட்டம் மெய்யான கூட்டம். ஆட்கள் திரண்டு வந்தது உண்மை. அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கமே தவறானது. பழைய பகையும் அச்சமும் சேர்ந்து வரவேற்பைப் படையெடுப்பாகக் காட்டின. இன்றும் பக்கச்சார்பான ஊடகங்கள் பல வேளைகளில் முழுப் பொய்யைக் கூறுவதில்லை. நடந்த ஒன்றை எடுத்து, நடக்காத ஒரு பொருளை அதற்குச் சூட்டுகின்றன. இரண்டாவது, அச்செய்தியைக் கொண்டுவந்தவர் எதிரி முகாமைச் சேர்ந்தவரல்லர். சொந்தச் சமூகத்தவர். நம்மவர் சொன்னார் என்பதே போதுமான ஆதாரம் அன்று என்பதை அல்லாஹ் அன்றே கற்றுத் தந்துவிட்டான்.

விசாரிக்காத செய்தி ஒரு சமூகத்திற்கு என்ன செய்யும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்களாகிய எமக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. சிங்கள மொழியைச் சரிவர விளங்கிக்கொள்ளாத நிலையில், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முன் கடை நடத்தியவர் அளித்த பதில் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டு, குற்ற ஒப்புதல் எனப் பரப்பப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாவுக்கட்டியே என்றும், கருத்தடை மருந்து எதுவும் அதில் இல்லை என்றும் அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. உணவில் தூவி ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆயினும் உண்மை புறப்படுவதற்கு முன்னரே தீ புறப்பட்டுவிட்டது.

அதனைத் தொடர்ந்து மார்ச் மாத ஆரம்பத்தில், முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது வருந்தத்தக்க, தண்டிக்கப்பட வேண்டிய குற்றம். ஆனால் சிலர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் சதியாகத் தொலைபேசிகளில் உருமாற்றப்பட்டது. திகன, தெல்தெனிய உள்ளிட்ட கண்டி மாவட்டப் பிரதேசங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக வலைத்தளங்கள் சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. அக்கலவரத்தில் தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக 2020 ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கோரியது.

2019 மே மாதத்தில் ஒரு நாளிதழ், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் பெளத்த தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. வைத்தியர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அவர் பிணையில் விடுவிக்கப்பட்டார். பிற்காலத்தில் சேவையிலும் மீண்டும் சேர்க்கப்பட்டார். முதற்பக்கத்தில் ஏற்றப்பட்ட பழி, அதே அளவு எழுத்தில், அதே இடத்தில் இறக்கி வைக்கப்படவில்லை. பழி சுமத்துவது ஒரு நாள் வேலை. அதனைச் சுமப்பது ஒரு குடும்பத்தின் ஆயுட்கால வேலை.

அன்புக்குரியவர்களே! இவ்வளவு நேரமும் நான் கூறியவற்றைக் கேட்டு உங்களது தலைகள் அசைந்திருக்கும். எமக்கு அநீதி இழைக்கப்பட்ட கதைகள் அல்லவா! இங்கே நான் நிறுத்திக்கொண்டால் இவ்வுரையும் குகைக்குள் ஒலித்த ஒரு குரலாகிவிடும். நீங்கள் கேட்க விரும்பியதைக் கூறிவிட்டு விடைபெற்றவனாவேன். ஆகவே அடுத்த பக்கத்தையும் திறப்போம்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தவர்கள் எந்த வீடுகளிலிருந்து புறப்பட்டனர்? எமது வீடுகளிலிருந்தே. வறுமையில் வாடியவர்கள் மாத்திரமல்லர்; செல்வமும் கல்வியும் படைத்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். அவர்கள் ஒரே குரலை மட்டும் கேட்டவர்கள். உஸ்தாத் மறுத்துரைத்தால் அவர் விலைபோனவர். பெற்றோர் கண்டித்தால் அவர்கள் வழிதவறியவர்கள். வேறு ஜமாஅத்தைச் சேர்ந்தவர் பேசினால் அவர் முஸ்லிமே அல்லர் என்று, வெளியிலிருந்து வரும் எந்தக் குரலும் உட்புகாதவாறு கதவுகள் ஒவ்வொன்றாக அவர்களுக்கு அடைக்கப்பட்டன. எம் சமூகத்தின் உள்ளிருந்தே சிலர் இத்தகைய பிரசாரத்தைப் பற்றி அதிகாரிகளிடம் முன்கூட்டியே முறையிட்டிருந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் பக்கத்து அறையில் மகன் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எத்தனை பெற்றோர் அறிந்திருந்தோம்?

எனது தவறொன்றையும் இங்கே கூறிவிடுகிறேன். 2018 மார்ச் மாதத்து அவ்விரவுகளில் ஒன்றில், ஓர் ஊரின் ஜும்ஆப் பள்ளிவாசல் எரிந்துகொண்டிருப்பதாக எனது தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. தீப்பிழம்புடன் ஒரு படமும் இருந்தது. அனுப்பியவர் தொழுகையாளி, பொய் பேசாதவர். எனது உள்ளம் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தமையால் படத்தில் எரிவது எதுவென்று நான் பார்க்கவில்லை. மூன்று குழுக்களுக்கு அதனை அனுப்பிவிட்டேன். எமது மஹல்லாவில் ஒரு தாயின் மகன் அவ்வூரில் கடையொன்றில் பணிபுரிந்து வந்தார். அச்செய்தி அத்தாயையும் அடைந்தது. மகனின் தொலைபேசி இயங்கவில்லை. அந்த இரவு முழுவதும் அவர் முஸல்லாவிலிருந்து எழவில்லை. ஸுப்ஹு வேளையில் மகன் அழைத்தார். அந்தப் பள்ளிவாசலில் வழமைபோல் பாங்கு சொல்லப்பட்டிருந்தது. ஒரு கல்லும் அதன்மீது விழவில்லை. படம் வேறெங்கோ, வேறெப்போதோ எடுக்கப்பட்டது.

திருத்தத்தை நான் அனுப்பினேன். முதற் செய்தியைப் பரப்பியவர்களுள் மிகச் சிலரே திருத்தத்தைப் பரப்பினர். அச்சத்திற்கு இருக்கும் சிறகு ஆறுதலுக்கு இல்லை. செய்ததற்காக வருந்துவீர்கள் என்று அல்லாஹ் எச்சரித்ததன் பொருளை நான் கிதாபில் படித்த நாளில் விளங்கவில்லை. அத்தாயின் முகத்தைப் பார்த்த அன்றுதான் விளங்கினேன். கேட்டதையெல்லாம் அறிவித்துத் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளமை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நான் பொய்யை உருவாக்கவில்லை, சுமந்து சென்றேன். அந்த நபிமொழி சுமப்பவனைப் பற்றியே பேசுகின்றது.

ஊடகங்கள் ஏன் ஒரு பக்கம் சாய்கின்றன? ஊடகத்தின் முதலாளி மட்டுமே காரணம் என எண்ணிவிட வேண்டாம். கேட்பவரும் காரணமாவர். இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

அந்நாட்டில் 1949 முதல் 1987 வரை, சர்ச்சைக்குரிய பொது விடயங்களில் மாறுபட்ட கருத்துக்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதி வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு இருந்தது. அது நீக்கப்பட்டது. கேபிள் தொலைக்காட்சியும் பெருகியது. ஒவ்வோர் அரசியல் தரப்பாரும் தமக்கென ஓர் அலைவரிசையைத் தேடிக்கொள்ளும் காலம் பிறந்தது. 1996 இல் தொடங்கப்பட்ட ஃபொக்ஸ் நியூஸ், குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் விருப்பத்திற்குரிய அலைவரிசையாக வளர்ந்தது. 2020 நவம்பர் தேர்தல் இரவில், அரிசோனா மாநிலத்தில் ஜோ பைடன் வெல்வார் என அதே அலைவரிசை ஏனையோருக்கு முந்தி அறிவித்தது. அக்கணிப்புச் சரியானதே. ஆனால் அதன் பார்வையாளர் கொதித்தெழுந்தனர். உண்மையைக் கூறியமைக்காகக் கோபித்து, சிலர் வேறு அலைவரிசைகளை நாடினர்.

அதன் பின்னர் நடந்ததுதான் பாடம். வாக்களிப்பு இயந்திரங்கள் மூலம் தேர்தல் திருடப்பட்டது என்ற குற்றச்சாட்டு அவ்வலைவரிசையில் திரும்பத் திரும்ப ஒலித்தது. இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் 2021 இல் வழக்குத் தொடர்ந்தது. அலைவரிசையின் பிரபல தொகுப்பாளர்களும் அதிகாரிகளும் தமக்குள் பரிமாறிக்கொண்ட செய்திகள் நீதிமன்றத்தில் வெளிவந்தன. திரையில் ஒலித்த அக்கதைகளை அவர்களுள் பலர் தனிப்பட்ட முறையில் நம்பவேயில்லை. பார்வையாளர் கைநழுவிப் போகின்றனர் என்ற அச்சமே அவர்களிடையே பேசப்பட்டது. அக்குற்றச்சாட்டுக்கள் பொய்யானவை என்பது தெளிவு என நீதிபதி தீர்மானித்தார். 2023 ஏப்ரல் 18 ஆம் திகதி, 78 கோடியே 75 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னரே, தேர்தல் திருடப்பட்டதாக நம்பிய ஒரு கூட்டம் 2021 ஜனவரி 6 ஆம் திகதி அந்நாட்டின் பாராளுமன்றக் கட்டடத்தைத் தாக்கியிருந்தது.

சிந்தியுங்கள்! செய்தி வாசிப்பவர் கேட்பவருக்குத் தலைமை தாங்கவில்லை; கேட்பவரின் ஆசை செய்தி வாசிப்பவருக்குத் தலைமை தாங்கியது. உண்மை கூறிய ஒரு நாளில் கோபித்து எழுந்து செல்லும் பார்வையாளன், நாளை எனக்குப் பொய் கூறுங்கள் என்று கட்டளையிட்டுச் செல்கின்றான். எமது கையடக்கத் தொலைபேசியும் இவ்வாறே இயங்குகிறது. நாம் எதில் அதிக நேரம் தரித்தோம், எதற்குக் கோபப்பட்டோம், எதைப் பகிர்ந்தோம் என்பதைக் கணக்கிட்டு, அதே வகையானவற்றை மீண்டும் மீண்டும் முன்வைக்கிறது. நஃப்ஸ் விரும்புவதை ஊட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பணியாள் அது. மனோ இச்சையைத் தெய்வமாக்கிக்கொண்டவனைப் பற்றி அல்குர்ஆன் எச்சரிக்கும்போது, இக்காலத்து முஸ்லிம் தனது தொலைபேசித் திரையையும் நினைவுகூர வேண்டும்.

இவ்வுரை வானொலியில் ஒலிக்கின்ற ஒன்று என்பதால், வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஆபிரிக்காவின் ருவண்டா நாட்டில் 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி தொடங்கப்பட்டது. இளைஞர் விரும்பும் இசையும் நகைச்சுவையும் அதில் இருந்தன. அவற்றினூடே, டுட்சி இனத்தவர் மனிதரல்லர், கரப்பான்பூச்சிகள் என்ற நஞ்சு நாளாந்தம் ஊட்டப்பட்டது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது, யாரைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று அவ்வானொலியே அறிவித்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் கொல்லப்பட்டோர் தொகை எட்டு இலட்சமளவில் எனக் கணிப்பிடப்படுகிறது. 2003 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம், அவ்வானொலியின் நிறுவுநர் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. அந்த இருண்ட நாட்களில் அந்நாட்டின் சிறுபான்மை முஸ்லிம்களுள் பலர், வானொலியின் கட்டளைக்குச் செவிசாய்க்காது, ஓடிவந்தவர்களுக்கு வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அடைக்கலம் அளித்தனர். நாவினால் செய்த கொலைக்கும் தீர்ப்பு உண்டு என்பதை இவ்வுலக நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டதென்றால், மறுமையின் நீதிமன்றத்தைப் பற்றி என்ன கூறுவது! செவி, பார்வை, உள்ளம் ஆகிய யாவுமே விசாரிக்கப்படும் என ஸூறத்துல் இஸ்ராவில் அல்லாஹ் எமக்கு அறிவித்துள்ளான்.

அவ்வாறாயின், எமது தரப்பாருக்கு ஆதரவாக நிற்பது தவறா என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். அதற்கு அல்குர்ஆனே பதிலளிக்கிறது. ஸூறத்துந் நிஸாவின் 105 ஆவது வசனம் முதலான சில வசனங்களுக்குத் தஃப்ஸீர் நூல்கள் தரும் பின்னணியைக் கேளுங்கள். மதீனாவில் முஸ்லிம்களோடு சேர்ந்திருந்த ஒருவர் ஒரு கவசத்தைத் திருடினார். அகப்பட்டுவிடுவோம் என்ற நிலை வந்ததும், அதனை ஒரு யூதரின் வீட்டில் சேர்த்து, பழியை அவர்மீது சுமத்தினார். திருடியவரின் குலத்தார் திரண்டு வந்தனர். தமது ஆளுக்காக வாதாடினர். எல்லோரும் ஒரே குரலில் பேசினர். குற்றம் சாட்டப்பட்டவரோ தனித்தவர், வேற்று மதத்தவர். அக்காலத்தில் மதீனத்து யூதர்களுடன் அரசியல் முறுகலும் இருந்தது. நம்மவரைக் காப்பாற்ற இதைவிடச் சாதகமான சூழல் உண்டா? அப்போதுதான் வானத்திலிருந்து வஹீ இறங்கியது. மோசடிக்காரருக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் எனக் கட்டளையிட்டது. தான் செய்த பாவத்தை நிரபராதி ஒருவர்மீது எறிபவன் பெரும் அவதூற்றைச் சுமக்கிறான் என எச்சரித்தது. தனித்து நின்ற அந்த யூதரின் மானத்தைக் காப்பதற்காக இறங்கிய வசனங்களை நாம் இன்றும் தொழுகையில் ஓதுகின்றோம். எம் தரப்பு, மாற்றுத் தரப்பு என்ற எல்லை நீதிக்குக் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எமது முன்னோர்களான ஹதீஸ் கலை இமாம்கள் இதனை நடைமுறையில் காட்டினர். ஒரு செய்தியைக் கேட்டால், யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் சந்தித்திருக்கிறார்களா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தனர். வணக்கசாலியாக இருந்தும் நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பைத் தள்ளினர். மறுபுறத்தில், கொள்கையில் தமக்கு மாறுபட்டவராயினும் பேச்சில் உண்மையாளராயின் ஏற்றனர். கவாரிஜ்களின் சிந்தனை கொண்டவராகக் கருதப்பட்ட இம்ரான் இப்னு ஹித்தான் என்பாரின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியிலேயே இடம்பெற்றுள்ளது. ஸகாத் பொருளைக் காவல் காத்த அபூஹுறைரா (ரழி) அவர்களிடம் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைக் கூறியவன் ஷைத்தான். அவன் பெரும் பொய்யனாயினும் அவ்விடயத்தில் உண்மை கூறினான் என நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஷைத்தானின் வாயிலிருந்து வந்த உண்மையையும் உண்மை என ஏற்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அடுத்த கட்சிக்காரர் கூறும் உண்மையை ஏற்பதற்கு ஏன் தயங்குகிறோம்?

இதனை எவரும் தவறாக விளங்கிவிட வேண்டாம். அநீதி இழைப்பவனுக்கும் அநீதிக்குள்ளானவனுக்கும் இடையில் நடுநிலை வகிக்குமாறு இஸ்லாம் கூறவில்லை. விசாரித்த பின்னர் உண்மையின் பக்கம் உறுதியாக நிற்குமாறே கூறுகிறது. 2023 ஒக்டோபருக்குப் பின்னர் காஸா மக்கள் பட்ட துயரை உலகறியும். அதற்குச் சான்றான மெய்யான படங்கள் எண்ணிலடங்கா. அவ்வாறிருக்க, வேறு நாட்டில் வேறு ஆண்டில் எடுக்கப்பட்ட பழைய படங்களைக் காஸாவின் படங்களென எம்மவருட் சிலரும் பரப்பினர். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரு பொய்ப் படம் நூறு மெய்ப் படங்களின்மீது சந்தேகத்தை விதைக்கிறது. அது எதிரிக்குச் செய்யும் உதவியாக முடிகிறது. உண்மையே பாதிக்கப்பட்டவனின் ஒரே சொத்து. அதில் கலப்படம் செய்ய எமக்கு உரிமையில்லை.

இளைஞர்களே! இன்றிரவு முதல் சில பழக்கங்களை ஆரம்பியுங்கள். ஒரு செய்தி உங்களைக் கோபமூட்டினால், அதனைப் பகிர்வதற்கு முன்னர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வுழூச் செய்து வாருங்கள். கோபம் வந்தால் வுழூச் செய்வது எமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். திரும்பி வந்து, இதனை முதலில் கூறியவர் யார், எப்போது நடந்தது, எங்கு நடந்தது என மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடையில்லையெனில் அச்செய்தி உங்களுடனேயே மரணிக்கட்டும். இந்நாட்டில் சிங்கள ஊடகங்களும் தமிழ் ஊடகங்களும் ஒரே சம்பவத்தை இரு வேறு சம்பவங்களைப் போல் கூறும் வேளைகள் உண்டு. உங்களுள் பலர் இரு மொழியும் அறிந்தவர்கள், ஆங்கிலமும் அறிந்தவர்கள். அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த நிஃமத். இரு மொழிகளிலும் வாசியுங்கள். அயலவர் எதைக் கேட்டு எம்மை அஞ்சுகிறார் என்பதை அப்போதுதான் அறிவீர்கள். உங்களோடு உடன்படாத, ஆனால் நேர்மையான ஒரு நண்பரையேனும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான செய்தியைப் பரப்பிவிட்டால் திருத்தத்தை அதே குழுவில் உங்கள் பெயருடன் வெளியிடுங்கள். அது அவமானமன்று, தவ்பாவின் ஒரு பகுதி.

பெற்றோர்களே! பிள்ளையின் தொலைபேசியைப் பறிப்பது எளிது. ஆனால் பறித்த தொலைபேசிக்குப் பதிலாக இன்னொன்று அவருக்குக் கிடைத்துவிடும். மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் குரலைவிடத் திறந்த கதவுக்கு முன்னால் கேட்கும் குரலே பாதுகாப்பானது. ஆகவே இராச் சாப்பாட்டு வேளையில், மகன், இன்று என்ன கேள்விப்பட்டீர்கள் என்று வினவுங்கள். அவர் கூறுவதை இடைமறிக்காமல் முழுமையாகக் கேளுங்கள். வாப்பா நம்பும் அலைவரிசையைப் பற்றிப் பிள்ளை கேள்வி எழுப்பினால், அதனை மரியாதைக் குறைவாக எண்ணாதீர்கள். எனக்குத் தெரியவில்லை, விசாரிப்போம் என்று பிள்ளையின் முன்னால் கூறும் தந்தை சிறுமையடைவதில்லை. அந்த வாக்கியம் பிள்ளைக்கு அவர் விட்டுச் செல்லும் சிறந்த சொத்துக்களில் ஒன்று. வேற்று மதத்தவரைப் பற்றி வீட்டில் கேலி பேசுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். நாம் வேடிக்கையாகப் பேசுவதைப் பிள்ளை உண்மையாகக் கேட்கிறது.

அச்சமூட்டும் செய்தியோ, ஆறுதலளிக்கும் செய்தியோ வந்தால் அதனை உடனே பரப்பிவிடாது, ஆராய்ந்தறியும் தகுதி படைத்த பொறுப்புடையோரிடம் கொண்டுசெல்லுமாறு ஸூறத்துந் நிஸா எமக்கு வழிகாட்டுகிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் நிர்வாகம், ஆலிம்கள், ஆசிரியர்கள், சட்டமறிந்தோர் ஆகியோரில் சிலர் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். பதற்றமான நேரத்தில் அயலூருக்குத் தொலைபேசி அழைப்பெடுத்து உண்மையைக் கேட்டறிந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அன்றிரவு அத்தாய் முஸல்லாவில் அழுதிருக்கமாட்டார்.

அன்பானவர்களே! செய்தியைச் சுமப்பவன் ஒரு சாட்சியத்தைச் சுமக்கிறான். விரல் நுனியால் ஒருமுறை தொட்டவுடன் அச்சாட்சியம் எம்மை விட்டுப் போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். அது போய்விடுவதில்லை. எமது ஏட்டில் எழுதப்பட்டு, எமக்காகக் காத்திருக்கிறது.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் கண்டு அதனைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதிலிருந்து விலகவும் எமக்கு அருள்புரிவாயாக! எமது செவிகளையும் நாவுகளையும் விரல்களையும் பிறர் மானத்தின் காவலர்களாக ஆக்குவாயாக! எமது நாட்டில் வாழும் சகல சமூகத்தவரின் உள்ளங்களிலிருந்தும் அச்சத்தையும் பகையையும் அகற்றுவாயாக! எம் பிள்ளைகளை நீதியின் சாட்சிகளாக வாழச் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.